இருபத்தெட்டு லிட்டர் காற்று

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கோவிந்தராசுவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கேட்டால், "எதுக்குங்க? சத்தத்தக் கேட்டே வந்துடுவாங்க" என்பார். ஒரு காலம் வரை அது உண்மையாகவும் இருந்தது. கார் டிக்கியில் வைக்கிற சப்வூஃபர் பெட்டி செய்வது அவர் தொழில். பாட்டில் அடிவயிற்றைப் போய்த் தொடுகிற கனத்த சத்தம் இருக்கிறதே, அதைத் தருகிற பெரிய ஸ்பீக்கரைப் பொருத்துவதற்கான மரப்பெட்டி. வேப்பூரிலிருந்து டாக்ஸிக்காரர்கள் வருவார்கள். திட்டக்குடியிலிருந்து புதுக்கார் வாங்கிய வாத்தியார்கள் வருவார்கள். கோவிந்தராசு டிக்கியைத் திறந்து டேப்பை அகலத்துக்கு ஒரு தரம், உயரத்துக்கு ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். டிக்கி எவ்வளவோ பெட்டியும் அவ்வளவு. பெரிய பெட்டி, பெரிய சத்தம். அதற்கு மேல் அந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றுதான் நாற்பத்தேழு வயது வரை நினைத்திருந்தார்.

மரவேலை அவருக்குக் கைவந்தது செராமிக் பேட்டையில். பீஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் செய்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்றில், சரக்கை வைக்கோல் போட்டு அடுக்குவதற்கு மரப்பெட்டி அடிக்கிற கொட்டகை இருந்தது. பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதே வாரம் சேர்ந்தவர் சாமிக்கண்ணு. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஆணி அடித்தார்கள். கோவிந்தராசு மூன்று பெட்டி முடிக்கிற நேரத்தில் சாமிக்கண்ணு இரண்டுதான் முடிப்பார். பலகையைத் தடவிப் பார்ப்பார், மூலை மட்டத்தை வைத்துப் பார்ப்பார், மறுபடி இழைப்பார். "ஜாடிய வெக்கிறதுக்குத்தான்டா பெட்டி, பொண்ணு பாக்க வரவங்கள உக்கார வெக்கறதுக்கு இல்ல" என்று மேஸ்திரி கத்துவார். கொட்டகையே சிரிக்கும். கோவிந்தராசு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அப்படிச் சிரித்த நாட்களிலேயே சாமிக்கண்ணுவுக்கு ஓர் இடத்தை அவர் மனசுக்குள் ஒதுக்கிவிட்டார். தனக்கு ஓர் அடி பின்னால். அந்த இடத்தில் சாமிக்கண்ணு இருக்கிறவரை அவர் மேல் பிரியமாகவே இருந்தார். கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் பந்தி பரிமாறினார். சாமிக்கண்ணு ஷார்ஜாவுக்குப் போனபோது ஜங்ஷன் வரை போய் ரயிலேற்றிவிட்டார்.

எட்டு வருடம் கழித்து சாமிக்கண்ணு திரும்பி வந்தார். அங்கே கார் ஆடியோ கடையொன்றில் வேலை பார்த்ததாகச் சொன்னார். கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலைபாக்கும் ஒரு பத்திரிகையும்.

"பாலக்கரையில கடை போடறன் கோயிந்து. நீதான் மொத ஆளா வந்து நிக்கணும்."

"என்னா கடை?"

"ஒன்னுதுமாதிரிதான். கார் செட்டு, பெட்டி."

கோவிந்தராசு சிரித்தார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கும் போனார். கண்ணாடிக் கதவு, ஏசி, வெளிச்சப் பலகை. அதெல்லாம் அவரைத் தொடவில்லை. வெளிநாட்டுக் காசு, நாலு மாசத்தில் கரைந்துவிடும் என்று பொங்கலைச் சாப்பிட்டபடி எண்ணிக்கொண்டார். அவரைத் தொட்டது வேறொன்று. மூலையில் ஒரு பெட்டி இருந்தது. டிக்கியில் பாதியைக்கூட அடைக்காத அளவு. விரலால் தட்டிப் பார்த்தார். பாறையைத் தட்டியது போலிருந்தது. 'இத்துனூண்டுல என்னா சத்தம் வரும்?' என்று நினைத்துக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்தபிறகும் விரல் நுனியில் அந்தக் கெட்டித்தனம் இருந்தது.

அடுத்த ஒரு வருடத்தில் கடைக்கு வருகிற கார்கள் குறைந்தன. ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். காலையில் கடை திறக்க நேர்வழியை விட்டுவிட்டுப் பாலக்கரையைச் சுற்றிக்கொண்டு வருவார். சாமிக்கண்ணு கடை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்ப்பார். வண்டி இல்லாத நாளில் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். மூன்று வண்டி நின்றால் அன்று கனகா வைத்த குழம்பில் உப்பு சரியாக இருக்காது.

கனகா அவர் மனைவி. பேட்டையில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை. ஒருநாள் அவள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சாமிக்கண்ணு அண்ணனோட கடையில அளந்துதான் செய்யறாங்களாம். எங்க சூப்ரவைசர் கார்ல போட்டாரு. மழ பெய்யறமாதிரி இருக்குதாம் பாட்டு."

"மழ பெஞ்சா கொட எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு."

அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கனகாவின் தம்பி நல்லமுத்து திட்டக்குடிப் பக்கம் விவசாயம். அந்த வருடம் நெல் நன்றாக விளைந்து, பழைய கார் ஒன்று வாங்கினான். "பெட்டி மச்சான் கையாலதான் செய்யணும்" என்று நேராக ஜங்ஷன் ரோட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். கோவிந்தராசு அன்றைக்குச் செய்த பெட்டியைப் போல் வேறு எதையும் செய்ததில்லை. டிக்கியின் கடைசி அங்குலம் வரை அடைத்தார். கறுப்புக் கம்பளித் துணி சுற்றி, ஓரத்தில் வெள்ளிப் பட்டி அடித்தார். பாட்டைப் போட்டதும் பின் கண்ணாடி உதறியது. நம்பர் பிளேட் கலகலத்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எப்பிடி?" என்றார் கோவிந்தராசு.

"பயங்கரமா இருக்குதுங்க மச்சான்" என்றான் நல்லமுத்து.

ஐந்து மாதம் கழித்து நல்லமுத்துவின் மகளுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் காதுகுத்து. பூவராகர் கோயில் வாசலில் காரை நிறுத்தியிருந்தான். தாய்மாமன் வீட்டுச் சீர் வந்து இறங்கி, சடங்கெல்லாம் முடிந்து, மிச்சமிருந்த வாழைத்தாரையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. சாவி கோவிந்தராசுவின் கையில் இருந்தது. டிக்கியைத் திறந்தார்.

உள்ளே தாராளமாக இடம் இருந்தது. வாழைத்தார் படுத்துக்கொள்ளும் அளவுக்கு. அவர் செய்த பெட்டி இல்லை. அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய அளவில் வேறொரு பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மூலைகள் கத்தி வைத்து வெட்டியது போலிருந்தன. யார் வேலை என்று பார்க்கவே வேண்டியதில்லை. அந்த மூலைகளை அவர் கொட்டகையில் பல வருடம் எதிரே நின்று பார்த்தவர்.

நல்லமுத்து வேகமாக வந்தான். "மச்சான், அது வந்து... புள்ள தல வலிக்குதுன்னு அழுதுச்சு. சும்மா ஒருதரம் காட்டலாமேன்னு போனன்."

"எடம் நல்லா இருக்குது. தாரு வெக்கலாம்" என்றார் கோவிந்தராசு. வைத்தார். டிக்கியை மெதுவாக மூடினார்.

விருத்தாசலம் வரை அதே வண்டியில்தான் திரும்ப வேண்டியிருந்தது. பின் சீட்டில் அவரும் கனகாவும். நல்லமுத்து பழக்கதோஷத்தில் பாட்டைப் போட்டுவிட்டான். பாதியில் நினைவு வந்து நிறுத்தக் கையை நீட்டினான். "ஓடட்டும்" என்றார் கோவிந்தராசு. கேட்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

கேட்டார். கண்ணாடி உதறவில்லை. கதவு அதிரவில்லை. தவிலின் இடந்தலையில் விழுகிற ஒவ்வோர் அடியும் தனியாக, முழுசாக வந்து முதுகில் பட்டு நின்றது. அடுத்ததற்கு இடம்விட்டு விலகியது. அவருடைய பெட்டியில் அத்தனை அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே உறுமலாகக் கிடக்கும். இத்தனை நாள் அந்த உறுமலைத்தான் சத்தம் என்று நினைத்திருந்தார். மட்டமாக இருந்திருந்தால் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். நன்றாக இருந்தது. அதுதான் நெஞ்சைக் கிள்ளியது.

பக்கத்தில் திரும்பினார். கனகா ஜன்னல் பக்கம் பார்த்தபடி முழங்கால் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் செய்த எந்தப் பெட்டிக்கும் அவள் தாளம் போட்டு அவர் பார்த்ததில்லை.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

விரல் நின்றது. "தெரியும்."



அந்த வாரமே நல்லமுத்துவுக்குப் போன் போட்டார். "கோயிலாண்ட கதவுல ஒரு சத்தம் கேட்டுச்சே, வண்டிய விட்டுட்டுப் போ, பாத்து வெக்கறன்" என்றார். குற்ற உணர்வில் அவனும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டுப் போனான். கதவில் எந்தச் சத்தமும் இல்லை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பட்டப்பகலில், சாமிக்கண்ணுவின் பெட்டியை வெளியே எடுத்து ஸ்பீக்கரைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்தார். குறுக்கே ஒரு தாங்குகட்டை. காற்று போய்வர ஒரு குழாய். மூட்டுக்கு மூட்டு பசை வழிந்து இறுகியிருந்தது. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காமல் அங்கேயும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார் சாமிக்கண்ணு. கோவிந்தராசு அட்டையொன்றில் நீளம், அகலம், உயரம், குழாயின் நீளம், எல்லாவற்றையும் மில்லிமீட்டர் விடாமல் குறித்துக்கொண்டார். ரகசியம் கையில் கிடைத்துவிட்டதாக இருந்தது. மறுபடி பொருத்தி வண்டியை அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் வேப்பூர் தமிழ்மணி வந்தான். ஹைவே ஓட்டல்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற டாக்ஸிக்காரன். பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கர் புதிதாக வாங்கி வந்திருந்தான். நல்லமுத்துவுடையதும் பன்னிரண்டு இஞ்சுதான். கம்பெனி மட்டும் வேறு. கோவிந்தராசு அட்டையை எடுத்தார். அதே நீளம், அதே அகலம், அதே குழாய். மூட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து, உள்ளேயும் உப்புத்தாள் போட்டு, இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியில் கிடந்த காகிதத்தில், எப்போதும் செய்கிறது போல, விரலில் ஒட்டிய பசையைத் துடைத்து ஓரமாகப் போட்டார். அதில் இருப்பது எல்லாம் இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவர் அவர். அந்தக் காகிதங்களை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.

பாட்டைப் போட்டபோது சாமிக்கண்ணு பெட்டியின் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரின் முகம் தளர்ந்துபோய் முன்னும் பின்னும் அலைந்தது. "புதுசு இல்லியா, பழகணும்" என்றார். தமிழ்மணி தலையாட்டிவிட்டுப் போனான்.

ஒன்பதாவது நாள் திரும்பி வந்தான். ஸ்பீக்கர் உள்ளே 'டக் டக்' என்று இடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் சிக்கி, ஊமையாகியிருந்தது.

"இன்னாண்ணே இது? புதுச் சாமான். நீங்க செய்யற அளவே தப்பு போலிருக்குதே."

கோவிந்தராசுவுக்கு வாய் தவறியதா, மனசு தவறியதா தெரியாது. "அளவு என்னுது இல்ல. அது சாமிக்கண்ணு அளவு. அவன் செய்யறமாதிரியே செஞ்சன்" என்றார்.

தமிழ்மணி நேராகப் பாலக்கரைக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்குள் நான்கு வாடிக்கையாளர்கள் இருக்கையில் சாமிக்கண்ணுவை நிற்கவைத்துக் கேட்டான். அன்று மதியமே சாமிக்கண்ணு செத்துப்போன ஸ்பீக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுக்கு வந்தார். அதை மேசை மேல் வைத்தார். மேசையில் அந்த அட்டை கிடந்தது. அதில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது நல்லமுத்துக்கு நான் செஞ்ச பெட்டி."

கோவிந்தராசு அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"தெறந்து பாத்தியா?"

"பாத்தன்."

"சரி, பாத்த. என் பேர ஏன்டா இழுத்த? எத்தினி பேரு முன்னாடி கத்திட்டுப் போறான் தெரியுமா?"

"எட்டு வருஷம் எங்கியோ இருந்துட்டு வந்து என் வாசல்ல கடை போட்டா, பேரு இழுபடத்தான் செய்யும்."

"ஒன் வாசலா? நான் பாலக்கரையில இருக்கறன். ஒன் கடை இங்க இருக்குது."

"நீ எங்க கடை போட்டாலும் எனக்கு அது என் வாசல்தான்!" கத்திவிட்டார் கோவிந்தராசு. கத்தியபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ரோட்டில் போன இருவர் நின்று பார்த்தார்கள்.

சாமிக்கண்ணு மேசை மேலிருந்த ஸ்பீக்கரைத் தட்டிக் காட்டினார். கோபம் இறங்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இத்தினி காத்து வேணும்னு கணக்கு இருக்குது. அவங்களே எழுதி உள்ள வெச்சி அனுப்பறாங்க. நல்லமுத்து ஸ்பீக்கருக்கு அம்பது லிட்டர் காத்து வேணும், கொழா வேணும். இதுக்கு என்னா வேணும்னு பாத்தியா நீ? தமிழ்மணிகிட்ட சொல்லிட்டன், நானே வேற பெட்டி செஞ்சி தரன்னு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோவிந்தராசு அந்த ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தார். அவமானத்தைக் காட்டிலும் கடைசி வார்த்தைதான் குடைந்தது. நானே செஞ்சி தரன். தான் கெடுத்ததைச் சாமிக்கண்ணு சரிசெய்து, தமிழ்மணி அதை வேப்பூர் முழுக்கச் சொல்லி... எழுந்தார். மூலையில் குப்பையைக் கிளறினார். பசை காய்ந்து சுருண்டு கிடந்த காகிதம் அகப்பட்டது. விரித்தார். ஓரம் கிழிந்தது. எழுத்துகள் புரியவில்லை, எண்கள் புரிந்தன. ஒரு பெட்டியின் படம், குழாய் இல்லாமல், நாலாபுறமும் மூடியது. அதன் பக்கத்தில் 28. அதற்குப் பக்கத்தில் ஒரு L.

அதை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கனகாவிடம் நீட்டினார்.

"இது லிட்டர்தானே?"

"லிட்டர்தான். எங்க கூழ் தொட்டியில இப்பிடித்தான் போட்டிருக்கும்."

"மரப்பெட்டிய எப்பிடி லிட்டர்ல அளக்கறது?"

"அச்சுக்கு எவ்வளவு கூழு புடிக்கும்னு எங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. உள்பக்கம் நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கணும். ஆயிரத்தால வகுக்கணும்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உள்பக்கம். வெளிப்பக்கம் இல்ல. பலகை கனம் போயிடணும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேப்பூர் போனார். தமிழ்மணி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அளவு என்னுதுதான். சாமிக்கண்ணு மேல தப்பில்ல. புது ஸ்பீக்கரு நான் வாங்கித் தரன். பெட்டியும் நான்தான் செய்வன்."

"சாமிக்கண்ணு அண்ணன் செய்யறன்னு சொல்லிட்டாருங்களே."

"தப்பு நான் செஞ்சது. அத சரி பண்றதும் என் கையாலதான் ஆவணும்."

தமிழ்மணி அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டான். நெகிழ்ந்துபோய் இன்னொரு டீ சொன்னான். கோவிந்தராசு மறுக்காமல் குடித்தார். தான் செய்த தப்பைக்கூடச் சாமிக்கண்ணுவிடம் விட்டுக்கொடுக்க முடியாமல்தான் பஸ் ஏறி வந்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

உள்ளே நாற்பது சென்டிமீட்டர் நீளம், முப்பத்து நான்கு உயரம், இருபத்து இரண்டரை ஆழம். பெருக்கினால் முப்பது லிட்டரும் கொஞ்சமும் வந்தது. ஸ்பீக்கரின் பின்பாகம் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடம் போக இருபத்தெட்டு. மூன்று தரம் பெருக்கிப் பார்த்தார். பலகையை வெட்டுவதற்கு முன் கனகாவிடம் காட்டி இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். குழாய் வைக்கவில்லை. செய்து முடித்தபோது பெட்டி அவருக்கே வெட்கமாக இருக்கும் அளவு சின்னதாக இருந்தது. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஏமாற்றுவேலை செய்துவிட்டது போல ஓர் எண்ணம்.

பாட்டைப் போட்டார். அடி விழுந்தது. நின்றது. விலகியது.

தமிழ்மணி வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு பாட்டு முழுக்க இறங்கவில்லை. கோவிந்தராசு வெளியே கைகட்டி நின்றார்.  மனசில் முதலில் வந்த எண்ணம் ஒன்றுதான்: இதைச் சாமிக்கண்ணு கேட்க வேண்டும்.

கேட்டார். தமிழ்மணியே வண்டியைப் பாலக்கரை வழியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு நாள் கழித்துச் சாமிக்கண்ணு வந்தார். உள்ளே வரவில்லை; பைக்கில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"தமிழ்மணி பெட்டி கேட்டன்."

"ம்."

"எத்தினி லிட்டரு வெச்ச?"

அந்தக் கேள்வியைச் சாமிக்கண்ணு கேட்கும்போது அவர் முகத்தில் ஏதோ இறுகியது. கோவிந்தராசு அதைப் பார்த்தார். அந்த இறுக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் காலையில் கண்ணாடியில் பார்த்ததுதான். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வாய் நிற்கவில்லை.

"இருவத்தெட்டு. ஸ்பீக்கரு வயிறு போக."

சாமிக்கண்ணு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார். "நல்லா வந்திருக்குது" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். கிளம்பும்போது சொன்னார். "நானா இருந்தா இருவத்தஞ்சு வெப்பன்."

போய்விட்டார்.

அன்று முழுக்க கோவிந்தராசுவுக்கு வேறு வேலை ஓடவில்லை. இருபத்தைந்து. ஏன் இருபத்தைந்து? அடி இன்னும் இறுகுமா? இல்லை, நம்மைக் குழப்புவதற்காகச் சொல்லிவிட்டுப் போகிறானா? மாலையில் அதே கம்பெனி ஸ்பீக்கர் இரண்டு வரவழைத்தார். அடுத்த நாள் இருபத்தைந்து லிட்டருக்கு ஒரு பெட்டியும், தமிழ்மணியுடையதைப் போலவே இருபத்தெட்டுக்கு ஒன்றும் அடித்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தமிழ்மணியையும் கனகாவையும் நிற்கவைத்துப் போட்டுக் காட்டினார். தமிழ்மணிக்குத் தன்னுடையதைப் போன்ற இருபத்தெட்டுதான் பிடித்தது. கனகா, "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, போங்க" என்றாள்.

கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். சில பாட்டுக்கு இருபத்தெட்டு. சில பாட்டுக்கு, ஒப்புக்கொள்ள மனம் வராவிட்டாலும், இருபத்தைந்து. இன்றைக்கும் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் போனால், வேலை இல்லாத மதிய நேரங்களில், ஒரே பாட்டு திரும்பத் திரும்ப இரண்டு விதமாக ஒலிப்பதைக் கேட்கலாம்.